வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் துப்பாக்கி: எதை வாங்குவது, எங்கே பூட்டுவது

கேள்வி: 4 மார்ச் 2024

அண்ணா, டெக்சஸில் டாலஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். மாடி வீடு. மனைவி, 9 வயதில் ஒரு பெண், 4 வயதில் ஒரு பையன். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போய்விட்டது. கடைக்காரர் பம்ப் ஷாட்கன் (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி) வாங்கச் சொல்கிறார். "அதை இழுக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவிடுவான், குறி பார்க்கவே வேண்டாம்" என்கிறார். ஆபீஸில் ஒருவர் ஏ.ஆர்-15 ரைஃபிள்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. எதை வாங்கலாம்?

4 மார்ச், இரவு

கடைக்காரர் சொன்ன இரண்டுமே தப்பு தம்பி. 12 கேஜ் (கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு) ஷாட்கனில் வீட்டுக்கென்று போடுவது டபுள்-ஆட் பக்ஷாட் என்ற தோட்டா. ஒரு தோட்டாவுக்குள் பொதுவாக 0.33 அங்குல ஈயக் குண்டுகள் ஒன்பது இருக்கும். 18 அங்குலக் குழலிலிருந்து ஐந்து கெஜத் தூரம் போகும்போது அவை விரிவது ஒரு கைமுட்டி அளவுக்குத்தான். உங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து மாடிப்படி வரை அவ்வளவு தூரம்தான் இருக்கும். அந்த அளவு விரிவை வைத்துக்கொண்டு குறி பார்க்காமல் சுட்டால் சுவரில்தான் படும்.

சத்தம் கேட்டு ஓடுவான் என்பதும் நம்பத்தக்கதல்ல. நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதை அவனுக்கு அந்தச் சத்தம் சொல்லிவிடும். அவன் பயப்படுவான் என்று எண்ணி ஒரு ஆயுதத்தை வாங்காதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது நடுத்தர அளவு 9 எம்.எம். பிஸ்டல், தரையில் முடுக்கிய சின்ன சேஃப், குழலுக்குக் கீழே பொருத்தும் விளக்கு. இரவில் ஒரு கை எப்போதும் காலியாக இருக்கவேண்டும். பையனைத் தூக்கவோ, கதவைச் சாத்தவோ, 911-ஐ அழைக்கவோ அந்தக் கை வேண்டும். நீளத் துப்பாக்கியில் அது முடியாது. அதைவிடப் பெரிய காரணம், பிஸ்டலை ஒரு ஷூ பெட்டி அளவு இரும்புப் பெட்டிக்குள் பூட்டலாம், இருட்டில் சில நொடிகளில் திறக்கலாம்.

5 மார்ச்

துப்பாக்கிக்கு முன்னால் கதவு. முன்கதவின் நிலைச்சட்டத்தில் பூட்டு நாக்கு நுழையும் இரும்புத் தகடு இருக்கிறதல்லவா, அதில் ஒரு திருகைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக முக்கால் அங்குலத் திருகுதான் இருக்கும். அது பிடித்திருப்பது மெல்லிய அலங்காரப் பலகையை மட்டும். ஒரே உதையில் பிளந்துவிடும். 3 அங்குலத் திருகு போட்டால் உள்ளே இருக்கும் சட்டமரம் வரை போய்ப் பிடிக்கும். நான்கு திருகும் சேர்ந்து சில டாலர்தான். ஒவ்வொரு கீலிலும் ஒரு திருகை அப்படி மாற்றுங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவை மறந்துவிடாதீர்கள், பலர் அதைப் பூட்டுவதே இல்லை.

நம் வீடுகளைக் குறிவைப்பது நகைக்காக. 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஓஹையோ, மிச்சிகன், டெக்சஸ் என்று மாநிலம் மாநிலமாகப் போய் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளில் ஆயுதத்தோடு புகுந்த கும்பலின் தலைவிக்கு 2019-இல் 37 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. கல்யாண நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள். வீட்டில் இருப்பதாக யாரிடமும் சொல்லவேண்டாம், விசேஷப் படங்களை ஊரறியப் போடவேண்டாம்.

5 மார்ச், பிறகு

விசா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். வாங்குபவர் கடையில் நிரப்பும் ஃபார்ம் 4473-இல் உங்கள் ஏலியன் எண்ணை (குடியேற்றத் துறை கொடுத்த எண்) கேட்பார்கள். பின்னணிச் சோதனை சில நிமிடத்தில் முடியலாம், "டிலே" என்று வந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி மூன்று வேலைநாள் காத்திருப்பு. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 எல்லாம் குடியேற்றம் அல்லாத விசாக்கள். இவற்றில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்குவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் சட்டத்தில் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குமுன் குடியேற்ற வக்கீலிடம் போங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை கிடைத்தால் கிரீன் கார்டு இருப்பவரையே நாடு கடத்தலாம்.

விலக்கு இல்லாத நண்பனுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அது தனிக் குற்றம், ஃபார்மின் முதல் கேள்விகளிலேயே வருகிறது. கஞ்சா கேள்வியும் அப்படித்தான். உங்கள் மாநிலத்தில் அது கடையில் விற்கலாம், ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஃபார்மிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது.

ஊரிலிருந்து அப்பா, அம்மா பி-2 சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்து தங்குவார்கள். சேஃபின் ரகசிய எண்ணை அவர்களிடம் சொல்லக்கூடாது. "அப்பாவுக்கு ஆசையாக இருக்கிறது, ரேஞ்சில் ஒரு தடவை சுடட்டும்" என்று சுடும் பயிற்சி இடத்துக்குக் கூட்டிப் போவதும் அதே தடைக்குள் வருகிறது.

7 மார்ச்

எந்த பிஸ்டல்? பெயரைச் சொல்வதற்குமுன் கையில் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

கடையில் வாங்கிய உடனே காலியா என்று அவரையும் பார்க்கச் சொல்லி நீங்களும் பாருங்கள். பிடியின் பின்பக்கம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே ஏறி உட்காரவேண்டும். குழலும் முன்னங்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். அப்படிப் பிடித்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதை விசையின் (ட்ரிகர்) நடுவில் படுகிறதா? பட்டால் அளவு சரி. விரல் நுனி மட்டும் தொட்டால் பிடி பெரிது. அப்படிப்பட்டதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைக் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பீர்கள், குண்டு பக்கவாட்டில் போகும். தோட்டா அடுக்கிய மேகசினை வெளியே விடும் பட்டனைக் கட்டைவிரல் எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இதே சோதனையை மனைவியும் செய்யவேண்டும். வீட்டில் கை சின்னவர் யாரோ அவர் கைக்குச் சரியாக இருப்பதுதான் அந்த வீட்டுக்குச் சரி. பெரிய கைக்குச் சின்னப் பிடி பழகிவிடும், சின்னக் கைக்குப் பெரிய பிடி பழகாது.

கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட், வால்தர் பி.டி.பி. எஃப் வரிசை. மூன்றையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஆளுக்கு ஐம்பது தோட்டா ஐந்து கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். எது அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எதில் துளைகள் நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். கிளாக் 19-க்கு 15 தோட்டா மேகசின், 4 அங்குலக் குழல். உதிரிப்பாகம், உறை, விளக்கு எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது அதன் பெரிய வசதி.

மொத்தக் கணக்கு: பிஸ்டல் 500 முதல் 600 டாலர், சேஃப் 200 முதல் 300, விளக்கு 120 முதல் 150, பயிற்சி வகுப்பு, முதல் ஐநூறு தோட்டா. ஆயிரம் டாலர்தான் கையில் இருக்கிறது என்றால் துப்பாக்கியில் குறையுங்கள். சேஃபிலும் வகுப்பிலும் கைவைக்காதீர்கள்.

8 மார்ச்

"சின்ன ரிவால்வர் பெண்களுக்குச் சுலபம்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இல்லை. ஐந்து தோட்டா சின்ன ரிவால்வரின் விசையை இழுக்கப் பத்து, பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும், கிளாக்கில் அதில் பாதிதான். எடை குறைவாக இருப்பதால் சுடும்போது பின்னோக்கி வரும் உதையும் அதிகம். சின்ன பிஸ்டல்களும் அப்படியே. சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகச் செய்தவை அவை. படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு மறைக்கவேண்டிய தேவையே இல்லை.

10 மார்ச்

ஏ.ஆர்-15 பற்றி.

நம் ஊரில் சுவர் என்றால் செங்கல். இங்கே அறைக்கும் அறைக்கும் நடுவில் இருப்பது அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, இடையில் மூன்றரை அங்குல வெற்றிடம். 9 எம்.எம். குண்டு அப்படிப் பல சுவர்களைத் துளைத்துப் போகும். பக்ஷாட்டும் போகும். ஏ.ஆர்-15 சுடும் 5.56 தோட்டாவில் 55 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) போன்ற இலேசான குண்டு முதல் சுவரிலேயே உருளத் தொடங்கி, உடைந்து, வேகமிழக்கிறது. பிஸ்டல் குண்டைவிடச் சீக்கிரம் அடங்கும் என்று ஆபீஸ் நண்பர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடங்குவதற்குள் எத்தனை சுவர் தாண்டும் என்பதை நம்பிக் குழந்தை படுத்திருக்கும் திசையில் சுட முடியாது. ஒருவனை நிறுத்தும் ஆற்றலுள்ள எந்தக் குண்டும் ஜிப்சம் பலகையில் நிற்காது. பறவைச் சுடும் பொடிக்குண்டு பாதுகாப்பு என்பார்கள். சுவரில் அடங்கும் அளவுக்குப் பலவீனமானது மனிதனின் உடலிலும் போதிய ஆழம் போகாது.

ஆகவே வீட்டின் வரைபடம் ஒன்றைப் போடுங்கள். நீங்கள் நிற்கப்போகும் மூலை, அவன் வரக்கூடிய கதவு, இரண்டையும் கோட்டால் இணைத்து அந்தக் கோட்டைச் சுவருக்கு அப்பாலும் நீட்டுங்கள். கோடு பிள்ளைகளின் கட்டிலிலோ பக்கத்து வீட்டு ஜன்னலிலோ போய் முடிந்தால் நிற்கும் மூலையை மாற்றுங்கள். எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியைவிட இந்தக் கோடு முக்கியம்.

ஏ.ஆர்-15 சுடுவதற்கு எளிது, உதை குறைவு, தோள், கன்னம், இரு கை என நான்கு இடத்தில் பிடிப்பு. புதியவர் கையில் பிஸ்டலைவிடக் குறி நன்றாக விழும். பிள்ளைகள் இல்லாத வீடு, பூட்டி வைக்க உயரமான பெட்டகம் உண்டு என்றால் நான் மறுக்கமாட்டேன். தம்பியின் வீட்டுக்கு இல்லை.

11 மார்ச்

தோட்டா. பயிற்சிக்கு 115 அல்லது 124 கிரெயின் முழு உறைக் குண்டு, ஐம்பது கொண்ட பெட்டி சுமார் 14 டாலர். வீட்டில் வைப்பதற்கு ஹாலோ பாயிண்ட்: ஃபெடரல் எச்.எஸ்.டி. 124 அல்லது 147 கிரெயின், ஸ்பியர் கோல்ட் டாட் 124. நுனியில் குழி இருப்பதால் உள்ளே போனதும் விரியும், உடலைத் தாண்டி அடுத்தவர்மேல் படும் வாய்ப்புக் குறையும்.

9 எம்.எம். போதாது, அதைவிடப் பெரிய .45 அளவுதான் வேண்டும் என்பவர்களுக்கு: 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், கொள்ளையன் ஒருவன் மேல் ஆரம்பத்திலேயே பட்ட 9 எம்.எம். குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போய் இதயத்தை எட்டாமல் நின்றது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் இரண்டு பேர் இறந்தார்கள். அதன்பின்தான் உடலின் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெல் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் போகவேண்டும் என்ற எஃப்.பி.ஐ. சோதனைமுறை வந்தது. 10 எம்.எம்., பிறகு .40 என்று பெரிய அளவுகளுக்குப் போனார்கள். குண்டுத் தயாரிப்பு முன்னேறியபின், அதே சோதனையில் 9 எம்.எம். தேறியது. உதை குறைவு, வேகமாகவும் சரியாகவும் சுட முடிகிறது என்று 2014-இல் அவர்களின் பயிற்சிப் பிரிவே 9 எம்.எம்.முக்குத் திரும்புவதன் காரணங்களை எழுதியது. புதியவருக்கு அதே காரணங்கள் இரண்டு மடங்கு பொருந்தும்.

13 மார்ச்

சேஃப்.

விரல்ரேகைப் பூட்டு வேண்டாம். தூக்கத்தில் எழும்போது கை வியர்த்திருக்கும், பாத்திரம் கழுவிய கை ஈரமாக இருக்கும், திறக்காது. விலை மலிவான சிலவற்றில் குழந்தையின் விரலுக்கும் திறந்ததுண்டு. எண் பலகை உள்ள மின்னணுப் பூட்டு பரவாயில்லை, பேட்டரியை ஒவ்வொரு பொங்கலுக்கும் மாற்றுவது என்று ஒரு நாளை முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது ஐந்து பட்டன் இயந்திரப் பூட்டு. சிம்ப்ளெக்ஸ் என்பார்கள். பேட்டரியே இல்லை. இருட்டில் விரலால் தடவியே அழுத்தலாம். ஃபோர்ட் நாக்ஸ் பிஸ்டல் பாக்ஸ் அந்த வகை, 10 கேஜ் தகடு (இங்கே கேஜ் என்பது இரும்பின் தடிமன்).

தொழிற்சாலையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே ரகசிய எண் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வாங்கிய அன்றே மாற்றுங்கள். புதிய எண்ணில் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தும் படி ஒன்றாவது இருக்கட்டும். பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள், இரண்டைச் சேர்த்து அழுத்தத் தோன்றுவது குறைவு. மாற்றியபின் மூடியைத் திறந்தபடியே வைத்துப் பூட்டு நாக்கை மட்டும் இயக்கி மூன்று தடவை சரிபார்த்துவிட்டுப் பிறகு மூடுங்கள். பாதி மாறிய எண்ணோடு மூடிவிட்டால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

பெட்டியைத் தரையோடு, அல்லது கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியின் தடித்த பலகையோடு, உள்ளிருந்து நான்கு லேக் திருகால் முடுக்குங்கள். முடுக்காத சேஃப் திருடனுக்குக் கைப்பிடியோடு கொடுத்த பரிசு. மாற்றுச் சாவி வரும் மாடல் என்றால் அந்தச் சாவி சாக்ஸ் டிராயரில் இருக்கக்கூடாது.

அலமாரி உச்சியில் வைத்தால் எட்டாது என்று நினைப்பவர்களுக்கு: நாலு வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுவது எந்த வீட்டில் நடக்கவில்லை? அவன் கை சின்னது, ஆள்காட்டி விரலுக்கு வலு போதாது. அதனால் துப்பாக்கியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலால் விசையை அழுத்துவான். டெக்சஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைப் பூட்டாமல் அலட்சியமாக விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால் தண்டனைச் சட்டம் 46.13-இன் கீழ் குற்றம். சட்டம் இருக்கட்டும், இந்தக் காட்சியை மனதில் வைத்துப் பெட்டி வாங்குங்கள்.

பெண்ணுக்கு ஒன்பது வயது, அவளிடம் பேசலாம். துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவரிடம் சொல். நண்பர் வீட்டில் பார்த்தாலும் அதுவே. ஆனால் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று பூட்டைத் தளர்த்தக்கூடாது.

16 மார்ச்

ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுக்கவே முடியவில்லை, மணிக்கட்டு வலி, என்ன செய்வது?

பெரும்பாலும் வலுக்குறைவு காரணமல்ல அக்கா, பிடிக்கும் விதம்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி இழுக்காதீர்கள். துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பகுதிக்கு மேலே கவிழ்த்து நான்கு விரலாலும் மறுபக்கத்தை இறுக்குங்கள். இப்போது இடது கையை அசைக்காமல் வலது கையால் பிடியை முன்னே குத்துவது போலத் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதற்கு உடம்பில் வலு அதிகம். கடைசியில் கையை விட்டுவிடுங்கள், ஸ்லைடு தானே அடித்து மூடட்டும். கூடவே மெதுவாகக் கொண்டுபோய் மூடினால் தோட்டா பாதியில் நிற்கும். ஒரே எச்சரிக்கை, இப்படிச் செய்யும்போது உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், குழல் முனை பக்கத்து ஆளை நோக்கும். காலைத் திருப்புங்கள், குழலைத் திருப்பாதீர்கள்.

அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் எம் அண்ட் பி ஷீல்டு ஈசி. ஸ்பிரிங் இலேசு, எட்டுத் தோட்டா. பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்பு அழுத்தி இருக்கிறது, பிடி தளர்ந்தால் சுடாது. அதையும் சேர்த்துப் பழகவேண்டும்.

17 மார்ச்

ஷாட்கனை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டேன் என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்கள், நியூயார்க் மாதிரி பிஸ்டல் லைசென்சுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள், இவர்களுக்கு அது நல்ல ஆயுதம்தான். மாஸ்பர்க் 500 அல்லது 590 எடுங்கள், சேஃப்டி மேலே கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக்கின் நீளம் வழக்கமாக 14 அங்குலம் பக்கம் வரும், ஐந்தடி இரண்டங்குல ஆளுக்கு அது அதிகம். 13 அங்குலத்துக்குக் குறைத்த ஸ்டாக் போட்டால் உதை பாதி குறைந்ததுபோல இருக்கும். தோட்டாவில் "ரிட்யூஸ்டு ரீகாயில்" (உதை குறைத்தது) என்று கேட்டு வாங்குங்கள்.

பம்பில் நடக்கும் பெரிய கோளாறு, பதற்றத்தில் கைப்பிடியை முழுக்கப் பின்னே இழுக்காமல் முன்னே தள்ளிவிடுவது. காலி உறை வெளியேறாது, அல்லது புதியது ஏறாது. கடைசிவரை முழு பலத்தோடு இழுத்துத் தள்ளவேண்டும்.

12 கேஜும் 20 கேஜும் ஒரே வீட்டில் இருந்தால் இதைக் கண்ணும் கருத்துமாகப் படியுங்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) நழுவி உள்ளே போய்க் குழலின் நடுவில் சிக்கி நிற்கும். வெளியே பார்த்தால் சேம்பர் காலி. அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் இடது கைக்கு நேராக வெடிக்கும். அதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம். பைகளையும் தனித்தனியாக வையுங்கள்.

20 மார்ச்

இரவில் சத்தம் கேட்டால் எழுந்து போய் வீட்டைத் தேடாதீர்கள். பயிற்சி பெற்ற போலீஸே தனியாக அதைச் செய்வதில்லை. நீங்கள் மூலை மூலையாகத் திரும்பும்போது அவன் நின்ற இடத்தில் காத்திருக்கலாம். பிள்ளைகளை ஒரே அறைக்குள் கொண்டு வருவது, பூட்டுவது, கட்டிலுக்குப் பின்னால் கதவைப் பார்த்து உட்காருவது, 911. முதலில் முகவரி, பிறகு "மாடியில் படுக்கையறையில் நான்கு பேர் இருக்கிறோம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது", பிறகு உங்கள் உடை நிறம். போனை வைக்காதீர்கள், அழைப்புப் பதிவாகிறது. போலீஸ் உள்ளே வருமுன் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கைகள் காலியாகத் தெரியவேண்டும். இது மிக முக்கியம், கையில் துப்பாக்கியோடு நிற்கும் மாநிறத்தவரை யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

விளக்கு இல்லாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. உள்ளே வந்தது தண்ணீர் குடிக்க எழுந்த அப்பாவாக இருக்கலாம். ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்-7, டி.எல்.ஆர்-1 இரண்டும் நன்றாக உழைக்கும். ஆனால் துப்பாக்கி விளக்கால் ஆளைத் தேடினால் துப்பாக்கியையே அவர்மேல் நீட்டுகிறீர்கள். தேட கைவிளக்கு, உறுதியான பிறகுதான் மற்றது. வெறுமனே தரையில் வெளிச்சம் அடித்தாலே வெள்ளைச் சீலிங் அறை முழுக்க ஒளியைத் திருப்பிவிடும்.

மூடிய அறையில் எந்தத் துப்பாக்கியும் 140 டெசிபலைத் தாண்டும். காது உடனே பழுதாகும் அளவு அது. சேஃபுக்குப் பக்கத்தில் மின்னணு காதுமூடி ஒன்று மாட்டி வையுங்கள், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும், வெடியை அடைக்கும். நேரம் இருந்தால் போடுங்கள்.

டெக்சஸ் சட்டம் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்தவனிடம் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு டி.வி.யைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடலாமா என்று கணக்குப் போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து, வேறு வழியில்லை. அந்த ஒரு நிலைக்கு மட்டும்தான் இது.

24 மார்ச்

மேலே எழுதியதில் கடைக்குப் போய் வாங்கி வருவது பற்றியதெல்லாம் டெக்சஸ் கணக்கு. நியூஜெர்சியில் முதலில் துப்பாக்கி வாங்குபவருக்கான அடையாள அட்டை, கைத்துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, மேகசினில் பத்துக்கு மேல் கூடாது. கலிபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வுச் சான்றிதழ், பத்து நாள் காத்திருப்பு, பத்துத் தோட்டா வரம்பு, மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்கள் மட்டும். இல்லினாய்ஸில் எஃப்.ஓ.ஐ.டி. என்ற துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை இல்லாமல் தோட்டாகூட வாங்க முடியாது. மாசசூசெட்ஸில் உள்ளூர் போலீஸ் மூலம் லைசென்ஸ். கூட்டாட்சிச் சட்டத்தில் எழுதியிருப்பது, கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் குறைந்தது 21 வயது.

2 ஏப்ரல்

தம்பி கிளாக் 19 வாங்கிவிட்டாராம், மனைவிக்கும் கைக்குச் சரியாக இருக்கிறதாம். நல்லது. இனி வேலை ஆரம்பம்.

காலி செய்யும் வரிசை: முதலில் மேகசினை எடு, பிறகு ஸ்லைடை மூன்று தடவை இழு, பின்னால் பூட்டு, சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டுப் பார். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பிறகு எடுத்தால், வெளியேறிய தோட்டாவைப் பார்த்து "காலி" என்று நினைப்பீர்கள், ஆனால் அதே இழுப்பில் மேகசினிலிருந்து அடுத்தது சேம்பருக்குள் ஏறியிருக்கும். வீடுகளில் நடக்கும் "காலி என்று நினைத்தேன்" விபத்துகளில் இது பெரும்பங்கு.

கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும்போது விசையை ஒரு தடவை இழுத்தே ஆகவேண்டும், அமைப்பே அப்படி. அதனால் மேலே சொன்ன வரிசை இங்கே உயிர். எம் அண்ட் பி-யில் விசையை இழுக்காமலே கழற்ற வழி உண்டு. எண்ணெய் நான்கு ஸ்லைடு தடங்களிலும் ஒவ்வொரு துளி, குழலின் வெளிப்புறம் ஒரு துளி. சேம்பரிலும் தோட்டாவிலும் எண்ணெய் படவே கூடாது, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமருக்குள் (பொறி கொடுக்கும் மருந்து) ஊறினால் வெடிக்காது.

முதலில் 200 பயிற்சித் தோட்டா, பிறகு வீட்டில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்ட் 50, ஒவ்வொரு மேகசினிலும் கொஞ்சம். காலி உறை மேலே செங்குத்தாகச் சிக்கி நின்றால் அநேகமாக மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது. பிடியை இறுக்கினால் போய்விடும். விசை இழுத்தும் சுடவில்லையா: மேகசின் அடியை உள்ளங்கையால் தட்டு, ஸ்லைடை இழுத்து விடு. ரேஞ்சில் மட்டும், "டப்" என்று சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் வெடிக்கும்.

வலக்கைக்காரருக்குத் துளைகள் இடது கீழே விழுந்தால் உதைக்குப் பயந்து முன்கூட்டியே அழுத்துகிறார் என்று அர்த்தம். மனைவி உங்கள் மேகசினில் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா இரண்டு மூன்றைக் கலந்து போடட்டும். போலி வரும்போது குழல் முனை தலைகுனிவது உங்கள் கண்ணுக்கே தெரியும். அதைச் சரிசெய்ய மருந்து, தோட்டாவெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு வீட்டில் தினமும் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பழகுவது. முடித்துத் தோட்டா போட்டபின் "இன்னும் ஒரு தடவை" என்று இழுத்துத்தான் பலர் டி.வி.யைச் சுட்டிருக்கிறார்கள். முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நேரே சேஃபுக்குள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் பையனைத் தூக்குமுன் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, சட்டையை மாற்றுங்கள். பிரைமரிலிருந்தும் குண்டிலிருந்தும் வரும் ஈயத்தூள் ஒட்டியிருக்கும், குழந்தைகளின் மூளைக்கு அது நஞ்சு. கர்ப்பிணிகள் ரேஞ்ச் பக்கமே போகவேண்டாம்.

9 ஏப்ரல்

இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதவேண்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. திருடனைவிட வீட்டுக்குள் இருக்கும் மனச்சோர்வுதான் அதிகம் கொல்கிறது. மாத்திரை தின்றவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறார்கள், துப்பாக்கியில் அந்த இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதே அரிது. வேலை போய், விசா போய், படிப்பில் தோற்று யாராவது ஒருவர் உடைந்திருக்கிறார் என்றால் அந்தக் காலத்துக்குத் துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது. ரேஞ்சிலோ கடையிலோ சேமிப்பில் விடலாம், சில இடங்களில் போலீஸும் வாங்கி வைப்பார்கள். குறைந்தது சேஃபின் ரகசிய எண்ணை மாற்றுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் வரும்போது அவர்களுக்கு எண் தெரியாது என்று நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988-ஐ எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

21 ஏப்ரல்

இரண்டு சின்ன விஷயம்.

சேஃபில் வைக்கும் தோட்டாவை அடிக்கடி எடுத்து மீண்டும் சேம்பரில் ஏற்றினால் குண்டு உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புதியது ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உயரம் குறைந்திருந்தால் அதைச் சுடவேண்டாம், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ரேஞ்சில் கெட்ட தோட்டாவுக்கென்று வாளி இருக்கும், அதில் போடுங்கள். மேகசினை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் கெடாது.

கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை விமானத்துக்கு எடுக்காதீர்கள். ஓரத்தையலில் ஒரே ஒரு தோட்டா சிக்கியிருந்து, திரும்பி வரும்போது இந்திய விமான நிலைய எக்ஸ்-ரேயில் தெரிந்து, 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, ஊர்ப்பயணம் முழுக்கக் கோர்ட் வாசலில் போனவர்கள் உண்டு. தெரியாமல் இருந்துவிட்டது என்று உயர்நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அது வக்கீல் வைத்துக் கேட்டபிறகு. ரேஞ்சுக்கு எனத் தனியாக, வேறு நிறத்தில் ஒரு பை வாங்கி, அதைக் கராஜைத் தாண்டி உள்ளே கொண்டுவராமல் இருங்கள்.